திரைக் கேள்வி, நேர் பதில்: முகாமுக்குப் போனவர்கள் ஏன் திரும்புவதில்லை?

கே: அமெரிக்க ஸ்லாஷர் படம் (ஒரு கொலைகாரன் இளசுகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் திகில் வகை) என்றாலே ஒரு ஏரி, நாலு மரக்குடில், அரைக்கால் சட்டை போட்ட இளசுகள். ஏன் எப்போது பார்த்தாலும் சம்மர் கேம்ப்? (வாசகர், திண்டுக்கல்)

ப: முதல் காரணம் காசு. 1980-இல் வந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' படத்தை நியூ ஜெர்சியில் பிளேர்ஸ்டவுன் பக்கத்துச் சாரணர் முகாம் ஒன்றில் எடுத்தார்கள். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட, காலியாகக் கிடந்த இடம். குடில், ஏரி, படகு எல்லாம் தயார், செட் போடும் செலவே இல்லை. சுமார் 5.5 லட்சம் டாலரில் முடித்த படம் அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 4 கோடி டாலர் வசூலித்ததும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, ஆளாளுக்கு ஒரு ஏரியைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

இன்னொன்று, நம் ஊரில் சம்மர் கேம்ப் என்றால் காலையில் கொண்டுபோய் விட்டு மதியம் கூட்டிவரும் கராத்தே, ஓவிய வகுப்புதான். அங்கே பிள்ளைகள் வாரக்கணக்கில் காட்டுக்குள் தங்குவார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்வது கவுன்சிலர் என்ற பெயரில் வரும் கல்லூரி வயதுப் பசங்க. தட்டிக் கேட்கப் பெரியவர்கள் குறைவு, கூப்பிட்டால் ஓடிவர அக்கம்பக்கம் கிடையாது. கொலைகாரனுக்கு வேறென்ன வேண்டும்?

கே: அந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' முதல் படத்தில் கொலைகாரன் ஜேசன்தானே? நண்பனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். (வாசகர், தூத்துக்குடி)

ப: காசை எடுத்து வையுங்கள். முதல் படத்தில் அத்தனை கொலையும் செய்வது ஜேசனின் அம்மா, ஜேசன் கொலையில் இறங்குவது அடுத்த பாகங்களில்தான். அவனுடைய ஹாக்கி முகமூடி வந்ததே 1982-இல், மூன்றாம் பாகத்தில். 1996-இல் வந்த 'ஸ்க்ரீம்' படத்தின் தொடக்கத்தில் கொலைகாரன் ஒரு பெண்ணிடம் போனில் இதே கேள்வியைக் கேட்பான், அந்தப் பெண்ணும் உங்களைப் போலவே ஜேசன் என்பாள், அவள் காதலன் உயிர் போகும். உங்களுக்குப் பந்தயத்தோடு போயிற்று.

கே: திகில் படம் பார்த்தால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. ஆனாலும் ஆசை விடவில்லை. இந்த முகாம் வகையில் சிரித்துக்கொண்டே பார்க்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன். (வாசகி, ஈரோடு)

ப: யோசிக்காமல் 'தி ஃபைனல் கேர்ள்ஸ்' பாருங்கள். 2015 படம், இயக்கியவர் டாட் ஸ்ட்ராஸ்-ஷுல்சன். மேக்ஸ் என்ற பெண்ணின் அம்மா ஒரு நடிகை. 80-களில் 'கேம்ப் பிளட்பாத்' என்ற மட்டமான ஸ்லாஷர் படத்தில் (கதைக்காகக் கற்பனை செய்த படம்தான், தேடாதீர்கள்) சின்ன வேடத்தில் நடித்தவர், அதைத் தாண்டி எதுவும் அமையவில்லை. அவர் கார் விபத்தில் இறந்து மூன்று வருடம் கழித்து அந்தப் பழைய படத்தைத் தியேட்டரில் திரையிடுகிறார்கள், தீப்பிடிக்கிறது, தப்பிக்க வழியில்லாமல் மேக்ஸும் நண்பர்களும் திரையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், போய் விழுவது படத்துக்குள்ளேயே!

இதுக்கப்புறம்தான் கலாட்டா. படத்தின் விதிகள் அங்கே இயற்கை விதி மாதிரி வேலை செய்யும். தப்பித்துப் போகலாம் என்று சாலையோரம் உட்கார்ந்திருந்தால் முகாமுக்குப் போகும் அதே வேன், அதே ஆட்களுடன், 92 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து அதே வழியைக் கேட்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் படத்தின் நீளம் அவ்வளவுதான். யாராவது பழைய கதையைச் சொல்ல வாயெடுத்தால் போதும், எல்லோரும் கருப்பு வெள்ளை ஃப்ளாஷ்பேக்குக்குள் போய் நிற்பார்கள்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒரு விஷயம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேனில் வருகிறவர்களில் மேக்ஸின் அம்மாவும் ஒருத்தி. அம்மா என்றா சொல்வது, அம்மா நடித்த பாத்திரம், நான்சி. மேக்ஸ் யாரென்றே நான்சிக்குத் தெரியாது. கதைப்படி அவளும் சாக வேண்டியவள். ஏற்கெனவே ஒருமுறை அம்மாவைப் பறிகொடுத்தவள் இதைப் பார்த்துக்கொண்டு இருப்பாளா? எழுதிய இருவரில் ஒருவர் ஜோஷுவா ஜான் மில்லர். அவருடைய அப்பா ஜேசன் மில்லர்தான் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் ஜன்னல் வழியே விழுந்து சாகும் பாதிரியார். நிஜத்தில் இறந்துபோன அப்பா திரையில் மறுபடி மறுபடி சாவதைப் பார்க்க நேர்ந்த மகன் எழுதிய கதை என்று தெரிந்த பிறகு இந்தப் படத்தை வெறும் கிண்டல் படம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கே: அதைத்தான் நானும் பார்த்தேன், ஒரே ஐடியாவை வைத்து இழுத்திருக்கிறார்கள். நீங்கள் ஓவராகப் புகழ்கிறீர்கள். (வாசகர், வேலூர்)

ப: நடுவில் ஜவ்வுதான், ஒத்துக்கொள்கிறேன். அதில் நடித்த ஆடம் டிவைன் பேசும் கொச்சை ஜோக்குகளில் பாதியை வெட்டியிருக்கலாம். ஆனால் அம்மாவும் மகளும் வரும் காட்சிகளுக்கு என் பதில் மாறாது.

கே: ஜேசன் படங்களிலேயே காமெடியாக ஏதாவது உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: ஆறாம் பாகம், 1986, டாம் மெக்லாஃப்லின் இயக்கியது. ஜேசனின் பிணத்தில் குத்திய இரும்புக் கம்பியில் மின்னல் பாய்ந்து அவன் எழுந்து வருவான், உடனே ஜேம்ஸ் பாண்ட் பாணியில் டைட்டில் போடுவார்கள்! இதில் முகாமில் நிஜமாகவே சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே அமளி நடக்கும்போது கட்டிலுக்கடியில் பதுங்கியிருக்கும் ஒரு பையன் பக்கத்துப் பையனிடம், பெரியவன் ஆனதும் என்ன ஆகலாம் என்று இருந்தாய் என்று சாவதானமாகக் கேட்பான். 'ஸ்க்ரீம்' வருவதற்குப் பத்து வருடம் முன்பே இந்த வகைப் படத்தை உள்ளிருந்தே கேலி செய்தது இது.

கே: கழுத்தில் அம்பு துளைத்து வருவதை எல்லாம் எப்படி எடுத்தார்கள்? அப்போது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லையே? (மாணவர், கோவை)

ப: 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' முதல் படத்தில் நடிகர் கெவின் பேக்கன் சாகும் காட்சியைத்தானே கேட்கிறீர்கள். கட்டிலில் தெரிவது அவர் தலை மட்டும்தான். கழுத்தும் மார்பும் ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி செய்த போலி, அவர் உடம்பு கட்டிலுக்குக் கீழே. டேக் ஓடும்போது ரத்தம் அனுப்பும் பம்பிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. சவினியின் உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதினார். நீங்கள் பார்க்கும் அந்த ரத்தக் கொப்புளிப்பு அவருடைய மூச்சு.

கே: 'தி ஃபைனல் கேர்ள்ஸ்' படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

ப: ரத்தம் குறைவு, அமெரிக்காவிலேயே பிஜி-13 சான்றிதழ்தான் (13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பது). ஆனால் இரட்டை அர்த்தமும் இல்லாமல் ஒரே அர்த்தத்தில் பேசும் ஜோக்குகள் நிறைய. மாமனாரைத் தூங்கவைத்துவிட்டுப் போடுங்கள்.