பாட்டிக்கு வந்த பங்கு – கடிதம்

அன்புள்ள சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். போன மாதம் ஒரு இறையியல் கல்லூரியில் ‘விசுவாசமும் ஆராதனையும்’ என்று மூன்று நாள் மாலை பொதுச் சொற்பொழிவு நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆலயத்தில் அறிவிப்பு வாசித்தார்கள், போனேன். பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எனக்கு ஜெபமே வரவில்லை. ‘இது ஆங்கிலிக்கன், இது சிரியன், இது மெதடிஸ்ட்’ என்று மனசு பிரித்துக்கொண்டே இருந்தது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் மகள், “ஆராதனை ஆவியில் வருவது, அதைப் போய் ஆராயலாமா அப்பா?” என்கிறாள். இந்தச் சொற்பொழிவுகள் நமக்குத் தேவைதானா? இன்னொன்று: என் தாத்தா காலத்தில் ஐயர், அதாவது ஆலயத்தின் குருவானவர், சபைக்கு முதுகு காட்டி நின்றுதான் நற்கருணை ஜெபம் (அப்பமும் திராட்சை ரசமும் பங்கிடுவதற்கு முன் சொல்லும் ஜெபம்) சொல்வாராம். அது எப்போது மாறியது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள அண்ணாச்சி,

தேவைதான். ஆனால் ஜெபம் வராமல் போனதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எனக்கும் அப்படிச் சில வாரங்கள் இருந்தது, அப்புறம் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

எங்கள் பாட்டி இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு ஐயர் வீட்டுக்கு வருவார். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கும். உள்ளே நீல வெல்வெட்டில் பதித்த ஒரு குட்டிக் கிண்ணம், ஒரு தட்டு, திருகுமூடி போட்ட புட்டி. அம்மா ஸ்டூலில் வெள்ளைத் துணி விரிப்பாள். பாட்டி அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள்; தலை வாரி முக்காடு போட்டுவிடச் சொல்வாள். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பயம். சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து என்று நினைத்திருந்தேன்.

பல வருஷம் கழித்து, நீங்கள் போனது போன்ற ஒரு மாலைச் சொற்பொழிவில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சியைப் பற்றி, அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரைப் பற்றிச் சொன்னார். ஏறக்குறைய கி.பி. 150இல் ரோமாபுரியில் இருந்தவர். கிறிஸ்தவர்கள் மேல் இருந்த பழிகளுக்குப் பதிலாகப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்வது இதுதான் என்று விவரிக்கிறார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். வேதம் வாசிக்கப்படுகிறது. தலைவர் பிரசங்கம் செய்கிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறார்கள். அப்பமும் திராட்சை ரசமும் வருகின்றன, ஸ்தோத்திர ஜெபம், சபை ‘ஆமென்’ சொல்கிறது, பங்கிடுகிறார்கள். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது.

‘வர முடியாதவர்களுக்கு’ என்றதும் அந்த மரப்பெட்டி என் கண்முன் வந்து நின்றது. அது மருந்து இல்லை, பாட்டியின் பங்கு. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும், வர முடியாத கிழவிக்குத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்புகிறோமே, அது மாதிரி. கட்டிலில் கிடந்த இரண்டு வருஷமும் அவள் சபையோடு ஒரே பந்தியில்தான் இருந்திருக்கிறாள். அந்தச் சொற்பொழிவு இல்லாவிட்டால் இது எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. இப்போது அப்பத்துக்குக் கை நீட்டும் ஒவ்வொரு முறையும் அவள் நினைவு வருகிறது.

நீங்கள் ‘சிரியன்’ என்று பிரித்துப் பார்த்தது, ஆராதனையில் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டுச் சமாதானம் கொடுக்கிறோமே, அதைத்தானே? 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் இணைந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆனது. எல்லாரும் சேர்ந்து திருவிருந்து, அதாவது நற்கருணை எடுக்க ஒரு பொது ஆராதனை முறைமை வேண்டியிருந்தது, 1950இல் வந்தது. அதில் சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைக் கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். திருவிருந்து மேசையிலிருந்து புறப்பட்டு அந்தச் சமாதானம் ஆள் ஆளாக, பெஞ்சு பெஞ்சாக வரும்.

யார் கையைத் தொடுவது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் கொடுப்பார், வாங்கித்தான் ஆக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் சபையில் சாதிக்குத் தனி இடம் வேண்டும் என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் தொடுவதையே ஆராதனையின் சட்டமாக எழுதி வைத்தார்கள். சாதி இன்னும் சபையை விட்டுப் போகவில்லை, கல்லறைத் தோட்டம் வரைக்கும் வருகிறது. அந்த வழக்கத்தை இன்று பல இடங்களில் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு போட்டு முடித்துவிடுகிறோம். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. எதை இழந்தோம் என்று யாராவது மேடையேறி விளக்கிச் சொன்னால்தானே நமக்குத் தெரியும்?

மகளிடம் கோபப்படாதீர்கள். ஆவியானவர் இல்லாமல் ஆராதனை இல்லை என்பது சரிதான். ஆனால் அவள் சபையிலும் முதலில் துதிப் பாடல், அப்புறம் சாட்சி, அப்புறம் செய்தி என்று ஓர் ஒழுங்கு இருக்கும். அடுத்த சொற்பொழிவுக்கு அவளையும் கூட்டிப் போங்கள்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் போன சொற்பொழிவுகளில் பாதி ஆங்கிலத்தில்தான் நடந்தன. பின்வரிசையில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் ஒரு வார்த்தை புரியாமல் எழுந்து போனார்கள். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில், கிராமத்துப் பேச்சில் ஆராதனையையே அமைத்துக் காட்டினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதைத் திருவிருந்தோடு சேர்த்துச் சொன்னவர் அவர். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நம் அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். ஆராதனையைப் பற்றிய பேச்சு அந்தத் தமிழில் நடக்க வேண்டும்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. தாத்தா பார்த்தது பழைய ஆங்கிலிக்கன் வழக்கம். குருவானவர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்பது அந்த 1950 முறைமையோடு வந்தது. கத்தோலிக்க சபையில் இது பரவியது இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் மாநாட்டுக்கு அப்புறம்தான், அதாவது 1960களில். எல்லா ஊரிலும் ஒரே நாளில் மாறியிருக்காது. சுவரை ஒட்டி இருந்த ஆல்டரை, அதாவது அந்தத் திருவிருந்து மேசையை முன்னால் நகர்த்தினால்தானே பின்னால் ஆள் நிற்க முடியும்? உங்கள் ஆலயம் பழையது என்றால் ஆல்டர் பக்கம் தரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகர்த்திய தடம் இருந்தாலும் இருக்கும்.