பளு தூக்கும் பெண்ணைப் பற்றிய கொரியத் தொடரில் காதலைத் தவிர என்ன இருக்கிறது?

பத்தாம் வகுப்பு மகள் விடுமுறை முழுக்க இதையே பார்க்கிறாள் என்று கவலைப்பட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ‘வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் போக்-ஜூ’, 2016-இல் எம்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 16 பகுதித் தொடர். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் தேன்குழலைக் கொறித்தபடி நானும் அப்பத்தாவும் முழுதும் பார்த்துவிட்டோம்.

கதையின் முடிச்சு உடம்புதான். உடல் எடையைக் குறைக்கும் மருத்துவர் ஒருவரிடம் நாயகி போக்-ஜூ மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவரைப் பார்ப்பதற்காகவே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்கிறாள். பளு தூக்குவதை மறைத்து, செல்லோ வாசிப்பதாகப் பொய் சொல்கிறாள். அவளுடைய விளையாட்டோ எடையைக் கேட்கிறது! வெட்கமும் பசியும் ஒரே முகத்தில் ஓடும் அந்தப் பகுதிகளுக்காகவே பார்க்கலாம்.

நீச்சல் வீரன் ஜூன்-ஹியுங்குக்கு வேறு பயம்: போட்டியில் தொடக்க ஒலிக்கு முந்திக் குதித்துத் தகுதி இழந்தவன். நீச்சலில் ஒருமுறை முந்தினாலே வெளியேற்றம். பளு தூக்குதலிலோ ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (தோள் வரை தூக்கி, பிறகு மேலே உயர்த்துவது) இரண்டிலும் மும்மூன்று வாய்ப்புகள் உண்டு.

“இளவட்டக்கல்லைத் தூக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பார்கள் என்பார்கள், இங்கே பெண்ணே தூக்குகிறாளே!” என்று அப்பத்தா சிரித்தார். தாராளமாகப் பார்க்கட்டும். கடைசிப் பகுதிகளைத்தான் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள்.