மறு: பாட்டு வரியே இல்லாத ஸ்பேஸ் ராக், மூணாவது டிராக்கிலேயே அலுத்துப்போகுது

சிங்கப்பூரில் தெம்பனிஸிலிருந்து ஜூரோங் போற எம்ஆர்டி ரயிலில் ஆஸ்ரிக் டென்டக்கிள்ஸ்ங்கிற பிரிட்டிஷ் ஸ்பேஸ் ராக் (விண்வெளியில மிதக்கிற மாதிரி ஒலிக்கிற ராக்) குழுவின் 'ஸ்ட்ரேஞ்சிட்யூட்' (1991) ஆல்பத்தைக் கேட்டால் எல்லாமே ஒரே மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஆல்பத்தைக் குத்தம் சொல்லாதீங்க, ரயில்தான் காரணம். காலாங் ஸ்டேஷன் தாண்டிச் சுரங்கத்தில் இறங்கியதும் வண்டியின் இரைச்சல் பேஸ் கிட்டாரை விழுங்கிடும். மிச்சம் சின்தசைசர் ரீங்காரம்தான். அதையே கேட்டுக்கிட்டிருந்தா யாருக்கும் தூக்கம் வரும்.

ராத்திரி வீட்டில், காதை மூடுற ஹெட்போனில் கேளுங்க. (ஸ்பீக்கர் வேண்டாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவாங்க.) ஷஃபிளை அணைச்சிடுங்க. முதல் தடவை கிட்டாரைக் கண்டுக்காம பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க. கச்சேரியில் ராக ஆலாபனைக்கு ஏது வரி? அந்தக் காதுதான் இதுக்கும்.

இரண்டாவதா வர்ற 'ஸ்ப்ளூஷ்'தான் எனக்கு உச்சம். சீக்வென்சர்ங்கிற மின்னணுக் கருவி ஒரு சின்ன சுரக்கோர்வையை விடாம சுத்த, மேல அடுக்கடுக்கா ஒலி ஏறும். ராக் மெல்ல நழுவி டான்ஸ் இசைப் பக்கம் போயிடும். அதுவும் ஒட்டலைன்னா இவங்களோட முந்தைய ஆல்பம் 'எர்ப்லேண்ட்' (1990) பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க, அது இன்னும் நீளம்.