கடல்நாயின் மலத்தில் புழு: குழந்தைக்குத் தொற்றுமா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோர ஊரில் வசிக்கிறோம். சாம்பல் கடல்நாய்கள் படுத்திருந்த இடத்தில் கிடந்த மலத்தில் புழுக்கள் தெரிந்தன. என் மகன் அதில் கை வைத்துவிட்டான். அவனுக்குத் தொற்றுமா? அந்த விலங்குகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டாமா?

பதில்: இந்தப் புழுக்கள் மலத்திலிருந்து நேரே உங்கள் மகனைத் தொற்றுவதில்லை. கடல்நாயின் இரைப்பையில் வாழும் சூடோடெர்ரனோவா என்ற உருளைப்புழுவின் முட்டை, மலத்தோடு வெளியேறிக் கடலடியில் பொரிந்து, இறால் இனத்துச் சிற்றுயிர்களுக்குள்ளும் பிறகு மீனின் தசைக்குள்ளும் போய், அந்த மீனைக் கடல்நாய் விழுங்கிய பிறகே முழுப் புழுவாகிறது. குடலில் வாழும் கொரினோசோமா என்ற முள்தலைப் புழுவுக்கும் ஏறக்குறைய இதே பாதைதான். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. கொக்கிகள் நிறைந்த முனையைக் குடற்சுவரில் பதித்துக்கொண்டு, கடல்நாய் செரித்த உணவைத் தன் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு இடையில் மீன் தேவையில்லை என்பதால், சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் சமையலறை. காட் மீன் துண்டில் சிவந்த பழுப்பு நிறத்தில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் சுருண்டிருப்பது பெரும்பாலும் அந்த உருளைப்புழுவின் இளம்புழுவே. எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதைக் கொல்லாது. துண்டின் நடுப்பகுதியும் 60 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடமாவது வெந்தால் சாகும். பச்சையாக உண்ணும் மீனை, நடுப்பகுதி வரை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைய வைக்க வேண்டும். பச்சை மீன் உண்டபின் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால், மருத்துவரிடம் மீன் உண்டதை மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, வளர்ந்த கடல்நாய்க்குக் கொடுத்துப் பயனில்லை. அடுத்த வேளை மீனிலேயே புழு திரும்பிவிடும். நன்கு உண்ணும் விலங்கு ஓரளவு புழுக்களைத் தாங்கிக்கொண்டே வாழும். குட்டிகளின் நிலை வேறு. நியூசிலாந்தின் எண்டர்பி தீவில், தாய்ப்பால் வழியே கொக்கிப்புழு தொற்றும் கடற்சிங்கக் குட்டிகளுக்கு ஆய்வாளர்கள் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்தபோது, அவை நன்கு வளர்ந்தன, கூடுதலாகப் பிழைத்தன. அது ஆய்வாளர்கள் பிடித்து, எடை பார்த்துச் செய்த வேலை. கரையில் நடப்பவர் செய்யக் கூடியதன்று. உங்கள் கரையில் மெலிந்து இருமும் குட்டியைக் கண்டால், அதற்குக் காரணம் குடற்புழுவைவிட ஆபத்தான நுரையீரல் புழுவாக இருக்கலாம். ஆகவே நெருங்காமல், உங்கள் வளர்ப்பு நாயையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கடல் விலங்கு மீட்பு அமைப்புக்கு உடனே தொலைபேசியில் தெரிவியுங்கள்.