சில மாதங்களுக்கு நம் வீட்டுப் பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

பெற்றோர் நோயிலோ சிறையிலோ போதையிலோ சிக்கி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போகும்போது தற்காலிகப் பாதுகாவலராக இருக்க முன்வருவது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எங்கும் பொருந்தக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

தோழி ஒருத்தி நீண்ட சிகிச்சைக்குப் போகிறாள். ஆறு வயது மகனை மூன்று மாதம் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறாள். எங்களுக்குள் பேசிக்கொண்டால் போதாதா?

போதாது. பையன் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து யார் போடுவது? பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் யார் வாங்குவது? திடீரென்று ஒரு உறவினர் வந்து "பையனை அனுப்புங்கள்" என்றால் எதைக் காட்டி மறுப்பீர்கள்?

தாய் சுயநினைவோடு, சம்மதத்தோடு கொடுக்கிறார் என்றால் எழுத்தில் வாங்குங்கள். அவசர சிகிச்சை, பள்ளி, வெளியூர்ப் பயணம் ஆகியவற்றில் நீங்கள் எதை முடிவு செய்யலாம், எதற்கு அவரைக் கேட்க வேண்டும், எந்தத் தேதிவரை, அவர் பேச முடியாத நிலைக்குப் போனால் அடுத்து யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்தக் கடிதத்துக்குச் சட்டப்படி எவ்வளவு மதிப்பு என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடமோ குழந்தை நல அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள். சில இடங்களில் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே கட்டாயம். பெற்றோர் சம்மதிக்கவில்லை, அல்லது யாரென்றே தெரியவில்லை என்றால் குழந்தையை நீங்களாகவே வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் கடத்தல் புகாராக முடியலாம். குழந்தை நல அதிகாரிகள் வழியாக வரும் வளர்ப்புப் பராமரிப்பும் (தத்தெடுக்காமல், தற்காலிகமாக வளர்ப்பது), நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலர் பொறுப்பும்தான் அங்கே வழி.

வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறோம். வாடகை வீடு, இரண்டே அறை. வீட்டைப் பார்க்க வரும் சமூகப் பணியாளர் எங்களை நிராகரித்துவிடுவாரா?

அறையின் அளவுக்காக நிராகரிக்கப்படுவதைவிட, மறைத்த விஷயத்துக்காக நிராகரிக்கப்படுவதே அதிகம். குழந்தைக்குத் தனிப் படுக்கை, பூட்டி வைத்த மருந்தும் ரசாயனமும், மூடிய நீர்த்தொட்டி, கம்பி போட்ட ஜன்னல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் காவல்துறைச் சான்று கேட்பார்கள். மருத்துவச் சான்று, வருமான விவரம், உங்களை நன்கு அறிந்தவர்களின் பரிந்துரை ஆகியவையும் வழக்கமாக உண்டு.

பிறகுதான் கடினமான பகுதி வரும். சின்ன வயதில் உங்களை எப்படி வளர்த்தார்கள், அடித்தார்களா, கணவன் மனைவி சண்டையை எப்படித் தீர்க்கிறீர்கள், குழந்தை இல்லாத ஏக்கம் இருக்கிறதா என்றெல்லாம் தனித்தனியாகவும் சேர்த்தும் கேட்பார்கள். பழைய வழக்கு, மனநலச் சிகிச்சை, விவாகரத்து இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சிகிச்சை எடுத்துத் தேறியவர் என்பது பெரும்பாலும் குறையாகாது. ஒளித்தார் என்பது நிச்சயம் குறை. இன்னொன்று: வீட்டில் ஒருவருக்குக்கூட அரை மனது என்றால் விண்ணப்பிக்காதீர்கள். அந்த அரை மனதைக் குழந்தை வந்த வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும். தத்து கிடைக்கக் குறுக்கு வழியாக இதை நினைத்து வருபவர்களும் தயவுசெய்து வேண்டாம். இங்கே முதல் இலக்கு, முடிந்தவரை குழந்தை தன் வீட்டுக்குத் திரும்புவதுதான்.

ஒப்புதல் கிடைத்துவிட்டது. எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்கிறார்கள். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

தொலைபேசியிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வயது, ஒவ்வாமை, சாப்பிட்டுவரும் மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டது, உடன்பிறந்தவர்கள் எங்கே, எவ்வளவு காலம் எதிர்பார்க்கிறார்கள், யார் குழந்தையை நெருங்கக் கூடாது, ஏன் இங்கே வருகிறோம் என்று குழந்தையிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு ஒரு கதை, உங்களுக்கு வேறு கதை என்று ஆனால் முதல் நாளே நம்பிக்கை போய்விடும்.

வந்ததும் கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, இரவில் பயந்தால் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று காட்டுங்கள். விளக்கு எரியட்டும். கட்டிப்பிடிக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், உறவினர்களை வரவழைக்காதீர்கள். அழுக்காக இருந்தாலும் முதல் இரவே வற்புறுத்திக் குளிப்பாட்ட வேண்டாம். கொண்டுவந்த துணியையும் பொம்மையையும் உடனே துவைக்கவும் வேண்டாம். அந்த வாசனை ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வீடு.

சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் காயமோ தழும்போ கண்டால் தேதி போட்டு எழுதி, அன்றே சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். பேன் இருந்தால் ஈரத்தலையில் நெருக்கமான சீப்பால் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை இரண்டு வாரம் சீவ வேண்டும். ஈர் பொரிக்க சுமார் ஒரு வாரம் ஆகும் என்பதால் ஒரே தடவையில் தீராது. சொறி சிரங்கு என்று மருத்துவர் சொன்னால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் அது சுற்றிச் சுற்றி வரும். மிகவும் மெலிந்து, பல நாள் பட்டினி கிடந்த குழந்தைக்குப் பாசத்தில் வயிறு நிறையத் திணிப்பது ஆபத்து. திடீரென்று அதிக உணவு சேரும்போது ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று குறைந்து இதயத்தைப் பாதிக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று வாரம் தங்கமான பிள்ளை. இப்போது பொருட்களை எறிகிறாள், படுக்கையை நனைக்கிறாள், தலையணைக்கு அடியில் சாப்பாட்டை ஒளிக்கிறாள். எங்கே தவறினோம்?

தவறவில்லை. முதல் வாரங்களில் அவள் நல்ல பிள்ளையாக இருந்தது பயத்தால். இப்போது கொஞ்சம் பயம் தெளிந்திருக்கிறது. "இப்படிச் செய்தால் நீங்களும் என்னை அனுப்பிவிடுவீர்களா?" என்பதைத்தான் எறிந்து எறிந்து கேட்கிறாள்.

சாப்பாட்டை ஒளிப்பது திருட்டு அல்ல. அடுத்த வேளை வருமா என்று தெரியாமல் வளர்ந்த உடம்பின் ஏற்பாடு. கண்டித்தால் ஒளிக்கும் இடம் மாறுமே தவிரப் பழக்கம் நிற்காது. மூடி போட்ட டப்பா ஒன்றில் கெட்டுப்போகாத தின்பண்டம் போட்டு, "இது உன்னுடையது, காலியாகாது" என்று அவள் கையில் கொடுங்கள். சொன்னபடி தினமும் நிரப்புங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். உணவைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஒருபோதும் ஆக்காதீர்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் குறையும்.

படுக்கையை நனைப்பதற்கு முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை நோய் ஆகியவை இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். பிறகு மெத்தை மேல் நீர் புகாத விரிப்பு, அதன் மேல் துணி விரிப்பு, மறுபடி நீர் புகாத விரிப்பு, துணி விரிப்பு என்று இரண்டு அடுக்காகப் போடுங்கள். இரவில் மேலடுக்கை உருவினால் போதும். விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை.

அடி கூடவே கூடாது. பெரும்பாலான அமைப்புகள் ஒரு அடிக்கே ஒப்புதலை ரத்து செய்யக்கூடும், அது சரியும்தான். தனி அறையில் அடைப்பதும் இந்தக் குழந்தைகளுக்குக் கைவிடப்பட்ட பழைய நாளையே திருப்பிக் காட்டும். எறியும் பொருளை எடுத்துவிட்டு, கையெட்டும் தூரத்தில் பேசாமல் உட்காருங்கள். அடங்கிய பிறகு பேசலாம்.

வாரம் ஒருமுறை அம்மா வந்து பார்க்கிறார். போன பிறகு இரண்டு நாள் குழந்தை தூங்குவதில்லை. சந்திப்பை நிறுத்தச் சொல்லலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அழுகை, சந்திப்பு கெடுதல் என்பதற்குச் சான்று அல்ல. பிரிவு வலிக்கிறது என்பதற்குச் சான்று. பெற்றோரைப் பிரிந்த குழந்தைக்கு, அதன் நலனுக்கு முரணாக இல்லாதவரை, அவர்களோடு தொடர்ந்து தொடர்பு வைத்திருக்கும் உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 9ஆம் பிரிவில் சொல்கிறது. நிறுத்துவதா என்பது அதிகாரிகளோ நீதிமன்றமோ எடுக்க வேண்டிய முடிவு.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய. சந்திப்பு எந்த நாள் என்பதைக் காலண்டரில் குறித்து முன்கூட்டியே காட்டுங்கள். அம்மாவிடம் கொடுக்கக் குழந்தை வரைந்த படம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அம்மாவின் புகைப்படம் படுக்கைக்கு அருகில் இருக்கட்டும். மறுநாள் விருந்தாளி, தேர்வு எதுவும் இல்லாமல் வெறுமையாக வையுங்கள். அம்மா வராமல் போனால் "மறந்துவிட்டார்" என்றும் சொல்லாதீர்கள், சாக்கும் சொல்லாதீர்கள்: "இன்று வரவில்லை. காரணம் தெரியவில்லை. உன் தப்பு இல்லை." அவரைப் பற்றி ஒரு குறைச்சொல்கூடக் குழந்தையின் காதில் விழக் கூடாது.

சந்திப்புக்கு முன்னும் பின்னும் கண்டதை நாள், நேரத்தோடு எழுதுங்கள். "பயந்துவிட்டான்" என்பது உங்கள் முடிவு. "மேசைக்கு அடியில் இருபது நிமிடம் இருந்தான்" என்பது விவரம். நீதிமன்றத்தில் இரண்டாவதுதான் உதவும். யாராவது துன்புறுத்தியதாகக் குழந்தை சொன்னால் தூண்டிக் கேட்காதீர்கள், ரகசியம் காப்பதாக வாக்கும் கொடுக்காதீர்கள். அதன் சொற்களை அப்படியே எழுதி அன்றே தெரிவியுங்கள்.

எங்களை அம்மா, அப்பா என்று கூப்பிடச் சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். சித்தி, அத்தை, மாமா என்று எது வாய்க்கு வருகிறதோ அது போதும். உங்கள் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் குழந்தை தானாகவே "அம்மா" என்றால் திருத்தி முகத்தை வாடவைக்காதீர்கள். ஆனால் பெற்ற தாயைப் பற்றிப் பேசும்போது "உன் அம்மா" என்றே சொல்லுங்கள்.

எட்டு மாதம் கழித்து, அடுத்த மாதம் பையன் வீட்டுக்குப் போகிறான். எப்படி அனுப்புவது?

ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். முதலில் பகலில் சில மணி நேரம், பிறகு ஒரு இரவு, பிறகு வார இறுதி என்று அதிகாரிகளோடு பேசித் திட்டமிடுங்கள். அவனுடைய அம்மாவுக்கு எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எதற்குப் பயப்படுகிறான், எது சொன்னால் அடங்குகிறான். மருந்து இருந்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையில் கொடுங்கள். தடுப்பூசி அட்டை, பள்ளி ஆவணங்கள், இந்த எட்டு மாதப் புகைப்படங்கள் ஒட்டிய நோட்டு ஆகியவையும் போகட்டும். சாமான்களைக் குப்பைப் பையில் கட்டாதீர்கள். ஒரு நல்ல பெட்டி வாங்குங்கள். அவனுக்கு எதிரில் அழலாம், ஆனால் அவன் உங்களைத் தேற்ற வேண்டிய அளவுக்கு அழக் கூடாது.

உங்கள் சொந்தப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் ஒரு உடன்பிறப்பு போகிறது. அடுத்த அழைப்பு வந்தால் அவர்களைக் கேட்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

குழந்தையின் பிறந்தநாள் படத்தை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடலாமா?

கூடாது. முகமோ பள்ளிச் சீருடையோ தெரிந்தால், தேடக் கூடாத ஒருவர் தேடி வந்துவிட முடியும். படத்தை அச்சிட்டு அந்த நோட்டில் ஒட்டுங்கள்.