முதல் எபிசோட் வரலாற்றுப் பாடம் நடத்தலாமா?

கேள்வி: ஃபேண்டஸி தொடர்களின் முதல் எபிசோடைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. யார் எந்தக் குலம், எந்த நாடு எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன சக்தி, எதுவும் பிடிபடுவதில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் எபிசோடை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். பாதிப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. தொடக்கத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த உலகத்தின் வரலாற்றைப் பின்னணிக் குரலில் சொல்லிவிட்டு அப்புறம் கதைக்கு வந்தால் என்ன? ‘மூன்று எபிசோட் வரை பொறுத்துப் பார்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பார்க்கிறவன் ஏன் பொறுக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடைசி வரி நூற்றுக்கு நூறு சரி. பார்க்கிறவர் பொறுக்க வேண்டியதே இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வரியில் நீங்கள் கேட்கும் பத்து நிமிட வரலாறு இருக்கிறதே, அதுதான் பார்க்கிறவரை முதலில் பொறுக்கச் சொல்கிறது. யாரென்றே தெரியாத அரசர்கள், எங்கே என்றே தெரியாத போர்க்களங்கள், எப்போதோ செத்துப்போன மந்திரவாதிகள். கதை இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் குறிப்பெடுக்கச் சொன்னால் எப்படி? அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பெயர்கள் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காமல் போகட்டும். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அந்த எபிசோடின் கடைசிக் காட்சியில் ஒரு சிறுவனைக் கோபுரத்து ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறார்களே, தள்ளியவன் யார், ஏன் தள்ளினான் என்று உங்களுக்குப் புரிந்ததா? அரசியின் உடன்பிறந்தவன், இருவரும் சேர்ந்திருந்ததைச் சிறுவன் பார்த்துவிட்டான், வெளியே தெரிந்தால் இருவர் தலையும் போகும். குலப் பெயர் தெரியாதவருக்கும் இது புரியும். அந்த ஒரு மணி நேர எபிசோட் உங்களுக்குப் புரியவைக்க வேண்டியது அவ்வளவுதான்.

அதுவும் தானாக நடந்துவிடவில்லை. இதே தொடருக்கு 2009-இல் வேறொரு முதல் எபிசோட் எடுத்தார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும் அதைத் தங்கள் எழுத்தாள நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்து முடித்தவர்களுக்கு, சிறுவனைத் தள்ளிவிடும் ஜேமியும் அரசி செர்சியும் அண்ணன் தங்கையா, அக்கா தம்பியா, உறவே இல்லாதவர்களா என்று எதுவுமே தெரியவில்லை. அது தெரியாவிட்டால் ஜன்னல் காட்சியில் அதிர்ச்சி ஏது? யாரோ ஓர் ஆண், யாரோ ஒரு பெண், கள்ளக் காதல், அவ்வளவுதான். பார்த்தவர்களில் ஒருவரான கிரெய்க் மேசின், ‘இதில் பெரிய சிக்கல் இருக்கிறது’ என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டார். நல்ல நண்பர். அந்த எபிசோடின் பெரும்பகுதியை மறுபடி எடுத்தார்கள். இயக்குநர் மாறினார், நாடிழந்த இளவரசி டெனேரிஸ், சிறுவனின் அம்மா கேட்லின் ஆகிய இரண்டு முக்கியப் பாத்திரங்களுக்கு நடிகைகள் மாறினார்கள். 2011 ஏப்ரல் 17 அன்று எச்பிஓ தொலைக்காட்சியில் வந்தது அந்தப் புதிய வடிவம்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய எபிசோடில் விட்டுப்போனது வரலாறு அல்ல, உறவு. எத்தனை தலைமுறை அரசர்களை வரிசையாகச் சொல்லியிருந்தாலும் இந்த ஓட்டை அடைபட்டிருக்காது. ஒளிபரப்பான எபிசோடில் இந்த உறவைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். அரசரின் முதன்மை அமைச்சர் ஜான் ஆரினின் பிணத்துக்கு முன்னால் நின்று பேசும்போது, ‘உன் உடன்பிறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்’ என்று ஜேமி செர்சியிடம் ஆரம்பிக்கிறான். ஸ்டார்க் குடும்பத்தின் கோட்டையான வின்டர்ஃபெல் முற்றத்தில் அரசரின் பரிவாரம் வந்து இறங்கும்போது, அரசியோடு இரட்டையாகப் பிறந்தவன் அவன் என்று அந்த வீட்டுச் சிறுமி ஆர்யா வாய் ஓயாமல் அக்காவிடம் ஒப்பிக்கிறாள். அக்கா அவளை வாயை மூடச் சொல்கிறாள். அடுத்து செர்சி ஜேமியிடம் ‘நம் தம்பி எங்கே?’ என்று எரிச்சலோடு கேட்கிறாள். மூன்றுமே ஒற்றை வரி. ஒன்றில் பயம் இருக்கிறது, ஒன்றில் சிறுமியின் ஆர்வம், இன்னொன்றில் வெறுப்பு. தகவல் வந்து சேர்ந்ததே நமக்குத் தெரியாது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்த எபிசோடில் வரலாறே இல்லை என்று நினைக்கிறீர்களா? ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு இருக்கிறது. முதல் காட்சியில் பனிச்சுவருக்கு அப்பால் மூன்று காவலர்கள் போகிறார்கள். வில் என்பவன் கண்டதுண்டமான உடல்களைப் பார்க்கிறான், கூட வந்த இருவரும் சாகிறார்கள், இவன் மட்டும் உயிர் தப்பி ஓடுகிறான். காவல் பணியை விட்டு ஓடியவனுக்குத் தலை போகும் என்பது சட்டம். பிடித்துவந்து வின்டர்ஃபெல்லின் தலைவர் நெட் ஸ்டார்க் முன் நிறுத்துகிறார்கள். தான் பார்த்ததைச் சொல்கிறான், யாரும் நம்பவில்லை. நெட் தன் கையாலேயே வாளை ஓங்குகிறார். அவருடைய பத்து வயது மகன் பிரான், பின்னால் ஜன்னலிலிருந்து தள்ளப்படும் அதே சிறுவன், பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாக வேண்டும். முகத்தைத் திருப்பாதே, அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று அண்ணன் முறையான ஜான் ஸ்னோ அவன் காதோடு சொல்கிறான்.

பிறகு பையன் அப்பாவிடம் கேட்கிறான்: அவன் வைட் வாக்கர்களை, அந்தப் பழங்கதைப் பனிப் பேய்களை, பார்த்தது உண்மையா? அவர்கள் போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன என்கிறார் அப்பா. அப்படியானால் அவன் பொய் சொன்னானா? பித்துப் பிடித்தவன் எதையோ பார்க்கிறான் என்று முடித்துவிடுகிறார்.

நீங்கள் கேட்ட வரலாறு அந்தப் பதிலில் இருக்கிறது. பின்னணிக் குரல் இதையே ‘பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்...’ என்று சொல்லியிருந்தால் காதில் விழுந்து போயிருக்கும். இங்கே ஒரு தகப்பன் சொல்கிறார். நல்லவர், நேர்மையானவர், ஆனால் அவர் சொல்வது தவறு என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் வில் பார்த்ததை நாமும் பார்த்தோம். உண்மை சொன்ன ஒருவனின் தலை இப்போதுதான் விழுந்திருக்கிறது. அந்தத் தகவலோடு சேர்ந்து வயிற்றில் ஒரு பயமும் வந்துவிடுகிறது. இந்தப் பயத்துக்காகத்தான் நான் ஃபேண்டஸி பார்க்கிறேன்.

இன்னொன்று. ஸ்டார்க் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? செத்துக்கிடக்கும் ஓநாய், அதன் கழுத்தில் முறிந்த மான் கொம்பு, சுற்றி ஐந்து குட்டிகள். கொன்றுவிடலாம் என்கிறார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து குட்டி, ஓநாய்தானே உங்கள் குலச் சின்னம் என்று ஜான் வாதாடுகிறான். அந்தக் கணக்கில் அவன் தன்னைச் சேர்க்கவில்லை. அவன் முறை தவறிப் பிறந்தவன் என்பதன் வலி முழுவதும் இந்த விடுபடலில் இருக்கிறது. கிளம்பும் நேரத்தில் வெள்ளைக் குட்டி ஒன்று தனியாகக் கிடைக்கிறது, அது ஜானுக்கு. குடும்ப மரம் வரைந்து காட்டினால் இது கிடைக்குமா?

வரைபடம் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. பெயர் போடும்போது நகரங்கள் பற்சக்கரம் சுழலச் சுழலத் தரையிலிருந்து எழுகின்றனவே, அதுதான் வரைபடம். முதல் எபிசோடில் தலைநகர், வின்டர்ஃபெல், பனிச்சுவர், கடலுக்கு அப்பால் பென்டோஸ் என்று கதை நடக்கும் இடங்களை மட்டும் காட்டுகிறது. ஒரு சொல் கிடையாது, இசை மட்டும்தான். 2011-இல் அதற்கு எம்மி விருது கொடுத்தார்கள். அடுத்த தடவை அதைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள்.

இதெல்லாம் மேல்நாட்டுத் தொடர்க்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று எண்ண வேண்டாம். நம் விக்கிரமாதித்தனும் வேதாளமும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அரசன் நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் அது மறுபடி மரத்துக்கே போய்விடும். வேதாள உலகின் சரித்திரம் நமக்கு எதற்கு? அந்த விதி அரசனின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது போதும். மாய உலகத்தின் விதியைச் சொல்ல வேண்டிய நேரம், அது யாரையாவது பதம் பார்க்கும் நேரம்தான்.

பின்னணிக் குரலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2005-இல் வந்த ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடரின் முதல் எபிசோட் பின்னணிக் குரலில்தான் தொடங்குகிறது. நான்கு நாடுகள், நூறு ஆண்டுப் போர், காணாமல் போன அவதார் எல்லாம் சில வரிகளில் வந்துவிடும். பேசுவது கட்டாரா என்ற சிறுமி. அப்பா இரண்டு வருடத்துக்கு முன் போருக்குப் போய்விட்டார், நானும் அண்ணனும்தான் ஊரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவள் தன் வீட்டுக் கதையில் வந்து நிற்கும்போது, உலகப் போர் ஒரு பிள்ளையின் ஏக்கமாகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் படகு பனிக்கட்டிகளுக்கு நடுவே நொறுங்குகிறது. பெண்ணை நம்பினால் இப்படித்தான் என்று அண்ணன் குத்திக்காட்ட, அவள் ஆத்திரத்தில் கையை வீசிக் கத்துகிறாள், பின்னால் பனிமலை பிளக்கிறது. அவளுக்கே தெரியாமல்! அவளுடைய சக்தி, அதை அவளால் இன்னும் அடக்கியாள முடியாதது, கோபம் வந்தால் அது கிளம்பும் என்பது, எல்லாம் ஓர் அண்ணன் தங்கை சண்டையில் முடிந்துவிட்டது.

உங்கள் புகார் நியாயமாகும் இடமும் உண்டு. 2019 இறுதியில் வந்த ‘த விட்சர்’ முதல் எபிசோடில் அரக்கர்களை வேட்டையாடும் நாயகன் கெரால்ட்டின் கதையும் இளவரசியின் கதையும் மாறி மாறி வருகின்றன. இரண்டுக்கும் நடுவே பல பத்தாண்டு இடைவெளி. அதை எபிசோட் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே நாளில் நடப்பதாகத்தான் முதல்முறை பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். இது பார்க்கிறவரின் குற்றம் அல்ல. புதிரை ஒளித்து வைக்கலாம். காலத்தை ஒளித்து வைத்தால் எதை எதோடு சேர்ப்பது? ஆனால் இங்கேயும் மருந்து பத்து நிமிட வரலாறு அல்ல. யாராவது ஒருவர் வாயில் அழுத்தமாக ஒரு வரி வந்திருந்தால் போதும்.

மூன்று எபிசோட் பொறுக்கச் சொல்லும் உங்கள் நண்பர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். மெதுவாகப் போவதும், ஒன்றும் தராமல் இழுத்தடிப்பதும் வேறு வேறு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் எபிசோடில் டிராகனே கிடையாது. டெனேரிஸின் கல்யாணப் பரிசாக மூன்று முட்டைகள் வருகின்றன, கல்லாகிப்போனவை. முதல் பருவத்தின் கடைசி எபிசோட் வரை டிராகனுக்காகக் காத்திருக்கிறோம். யாரும் நம்மைப் பொறுக்கச் சொல்லவில்லை, நாமாகக் காத்திருக்கிறோம். தன் அண்ணனால் படைக்கு விலையாக விற்கப்பட்ட பெண்ணின் மடியில் அந்த முட்டைகள் இருப்பதால் காத்திருக்கிறோம்.

மூன்றாம் தடவை பார்ப்பதாக இருந்தால், பெயர்களை விட்டுவிட்டு பிரானை மட்டும் பின்தொடருங்கள். சுவர் ஏற மாட்டேன் என்று அவன் அம்மாவுக்குச் சத்தியம் செய்கிறான். பொய் சொல்வதற்கு முன்னால் நீ எப்போதும் உன் காலைப் பார்ப்பாய் என்கிறாள் அம்மா. அந்த வரி மனதில் இருக்க, ஜன்னல் காட்சி வரை போங்கள். அதற்குப் பிறகும் இரண்டாவது எபிசோடைப் போடத் தோன்றவில்லை என்றால், தொடரை அங்கேயே விட்டுவிடுங்கள். நண்பர்களுக்குப் பயந்து இன்னும் இரண்டு எபிசோட் பார்க்க வேண்டாம்.