முழு சஸ்பென்ஷனையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ பைக் வைத்திருக்கிறேன், வார இறுதிகளில் மண் பாதைகளில் ஓட்டுகிறேன். என் எடை 94 கிலோ. சிறிய மேட்டிலிருந்து இறங்கினாலே பின்பக்கம் அடிவரை அமுங்கி இடிக்கிறது. வளைவுகளில் முன்சக்கரம் சொன்னபடி திரும்பாமல் வெளிப்பக்கமாக விலகிப் போகிறது. ஒரு பணிமனையில் காட்டியபோது, முன்னும் பின்னும் முழு சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு வண்டி விலையில் ஏறத்தாழ பாதி ஆகிறது. செலவிடலாமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வண்டியில் முன்பக்கம் 250 மி.மீ., பின்பக்கம் 220 மி.மீ. அசைவு (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) இருக்கிறது, சரிசெய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. மண் பாதைக்கு இது குறைவான அமைப்பு அல்ல. ஆனால் தொழிற்சாலையில் பொருத்தப்படும் ஸ்பிரிங் நடுத்தர எடையுள்ள ஓட்டுநரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுவது. நீங்கள் ஹெல்மெட், பூட்ஸ், பாதுகாப்புக் கவசங்களுடன் ஏறினால் நூறு கிலோவைத் தாண்டிவிடுவீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். பின்பக்கம் அளவுக்கு மீறித் தாழ்ந்து நிற்கும்போது முன்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைகிறது, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களின்) சாய்வும் கூடுகிறது. அதனால்தான் முன்சக்கரம் வளைவில் பிடிப்பில்லாமல் விலகுகிறது.

இதை உறுதிசெய்ய ஓர் அளவுநாடாவும் இரண்டு நண்பர்களும் போதும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும் நிலையில், ஆக்சிலின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே மட்கார்டில் வைத்த ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தி, ஆள் ஏறாமல் அதே இடைவெளியை அளக்க வேண்டும். கடைசியாக, முழுக் கவசத்துடன் ஏறி, ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அளக்கட்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வண்டி தன் எடையால் மட்டும் அமிழும் அளவும், மூன்றாவதைக் கழித்தால் உங்களுடன் சேர்ந்து அமிழும் அளவும் கிடைக்கும். ஆளுடன் அமிழ்வது மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருப்பது பொதுவான வழக்கம். ஏறத்தாழ 300 மி.மீ. அசைவுள்ள மோட்டோகிராஸ் வண்டிகளில் 100 முதல் 105 மி.மீ. வரை வைப்பார்கள், உங்கள் வண்டிக்கு 70 மி.மீ. அளவில் தொடங்கலாம்.

பலர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்ததுதான். உங்களுடன் 95 மி.மீ. அமிழ்கிறது, ஆளில்லாமல் 30 மி.மீ. அமிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோனோஷாக்கின் (பின்பக்க ஒற்றை அதிர்வுதாங்கியின்) பிரீலோட் வளையத்தை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வளையத்தை, இறுக்கி 95-ஐ 70-க்குக் கொண்டுவந்தால், ஆளில்லாத அளவும் அதே 25 குறைந்து 5 மி.மீ. ஆகிவிடும். பிரீலோட் வண்டியின் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. ஸ்பிரிங்கின் பலம் அப்படியேதான் இருக்கிறது. ஆளுடன் சரியான அளவு வந்தும் ஆளில்லாமல் வண்டி அமிழவே மறுத்தால், அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது என்று பொருள். பார்வைக்கு விறைப்பாக நிற்பதால் ‘ஸ்பிரிங் கடினம்’ என்று நேர்மாறாக முடிவு செய்து, இன்னும் மென்மையான ஸ்பிரிங்கை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் அளவுகளும் இப்படி வந்தால், நீங்கள் வாங்க வேண்டியது உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்குகள்தான், முழு சஸ்பென்ஷன் அல்ல. பின்பக்கத்தை மாற்றும்போது ஃபோர்க் ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே பாருங்கள். ஒன்றை மட்டும் கடினமாக்கினால் வண்டியின் சமநிலை கெடும்.

கம்ப்ரெஷன் (அமிழும் வேகம்), ரீபவுண்ட் (திரும்பி எழும் வேகம்) ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் திருகுகளை ஸ்பிரிங் சரியான பிறகுதான் தொட வேண்டும். தற்போதைய நிலையை, முழுதாக மூடும் வரை மெதுவாகத் திருகி எத்தனை கிளிக் என்று எண்ணி, எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், இரண்டு கிளிக் அளவுக்கு மாற்றி, அதே பாதையில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கடினமான ஸ்பிரிங் அதிக விசையுடன் திரும்பி எழும்பும் என்பதால், ரீபவுண்டைச் சற்று இறுக்க வேண்டியிருக்கும். மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் உதைத்துத் தூக்கினால் ரீபவுண்ட் வேகம் அதிகம். அடுத்தடுத்த குழிகளில் வண்டி எழ நேரமின்றித் தாழ்ந்துகொண்டே போனால் அது மிக மெதுவாக இருக்கிறது.

ஸ்பிரிங்கின் பலம் நியூட்டன்/மி.மீ. என்ற அலகில் சொல்லப்படும். அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். சொன்ன எண்ணுக்கு மாறான ஸ்பிரிங் வந்தால் அதைக் குறை என்று வாதிட அந்த ஒரு வரி உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், வேறு ஸ்பிரிங் பொருத்துவது அதைப் பாதிக்குமா என்பதை விற்பனையகத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 15 வயது மகன் பயிற்சித் தளத்தில் ஓட்டுவதற்காகப் பழைய மோட்டோகிராஸ் வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறோம். கடினமான ஸ்பிரிங் போட்டிருப்பதால் கூடுதல் விலை கேட்கிறார்கள். மகனின் எடை 52 கிலோ. (ஒரு வாசகி, சேலம்)

பதில்: கூடுதல் விலை தராதீர்கள். கனமான ஓட்டுநருக்காகப் போட்ட ஸ்பிரிங் உங்கள் மகனுக்குச் செலவு வைக்கும்; சக்கரம் மண்ணோடு ஒட்டி ஓடாமல் துள்ளும், கைகள் விரைவில் சோர்ந்துபோகும், கற்றுக்கொள்வதும் தாமதமாகும். மகனைக் கவசங்களுடன் அழைத்துச் சென்று மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். பிரீலோடை வேண்டிய அளவு தளர்த்தி, அவன் அமரும்போது சரியான அமிழ்வு வந்தும், ஆளில்லாமலேயே வண்டி அளவுக்கு மீறி அமிழ்ந்தால், அந்த ஸ்பிரிங் அவனுக்குக் கடினமானது. பழைய ஸ்பிரிங் விற்பவரிடம் இருந்தால் அதையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதிய ஸ்பிரிங்குகளின் விலையைக் கேட்ட தொகையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.